அரத்தைக் கீழே வையுங்கள்

அன்புள்ள ஐயா,

லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்து எழுதுகிறேன். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வெள்ளைக் கவசம் போட்ட படைவீரர்கள் வருவார்களே, ஸ்டோர்ம்ட்ரூப்பர்கள், அந்த உடையைப் படத்தில் உள்ளது உள்ளபடியே செய்து இப்படி உடை போடும் ரசிகர்களின் சங்கமான 501ஆவது லீஜனில் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காசு சேர்த்து, வெட்டாத ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு கிட் வாங்கிவிட்டேன். நான் ஐந்தடி நான்கு அங்குலம். தொடைக் கவசம் கவட்டில் இடிக்கிறது. கீழ்க்கால் கவசம் முழங்காலை மடிக்க விடுவதில்லை. வெட்டினால் 'படத்தில் உள்ளபடி' என்பது போய்விடும், சப்பாத்துக்குள் உயரம் வைத்துக்கொள் என்கிறான் நண்பன். வெட்டலாமா? எந்தப் பசை நல்லது?

இன்னொன்று. தலைக்கவசம் கோணலாக இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே வடிவில் இல்லை, காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. இடது கண்ணின் விளிம்பை அராவி வலதுக்குச் சமமாக்கத் தொடங்கியிருக்கிறேன். கன்னத்து நீலக் கோடுகளுக்கு ஸ்டிக்கர் வாங்கியாயிற்று. 'ரெண்டு பிள்ளையளின்ர தகப்பன் செய்யிற வேலையே இது' என்கிறா மனைவி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கு.

அன்புள்ள தம்பி கு.,

வெட்டுங்கள். தாராளமாக வெட்டுங்கள். உங்கள் நண்பர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தப் படத்தில் கதாநாயகன் லூக் திருட்டுக் கவசத்தை மாட்டிக்கொண்டு சிறை அறைக்குள் நுழைகிறான். அவனைக் கண்டதும் இளவரசி முதலில் கேட்பதே அவன் குள்ளமாக இருப்பதைப் பற்றித்தான். குட்டையான படைவீரன் படத்திலேயே இருக்கிறான். நீங்கள் சேர விரும்பும் லீஜனை 1997இல் தொடங்கிய ஆல்பின் ஜோன்சன், கார் விபத்தில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலின் மேல் இந்தக் கவசத்தைப் பூட்டிக்கொண்டு நின்ற மனிதர் தொடங்கிய இடத்துக்குப் போகிறீர்கள். உடம்புக்கு ஏற்ப வெட்டக் கூடாது என்று அங்கே உங்களுக்கு யார் சொல்ல முடியும்?

மனைவி சொன்னதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அது உங்கள் வீட்டுப் பேச்சு. சாப்பாட்டு மேசையில் வைத்து வெட்டுகிறீர்கள் என்றால் மட்டும் அவர் பக்கம்தான் நான்.

ஆனால் அந்தக் கண்! 'அராவத் தொடங்கியிருக்கிறேன்' என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன். தம்பி, அரத்தைக் கீழே வையுங்கள். இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

உங்கள் கையில் இருக்கும் அந்த முகம் எப்படி உண்டானது என்று யோசித்தீர்களா? ரால்ஃப் மெக்வாரி ஓவியமாகத் தீட்டினார். ஜோன் மோலோ உடைகளை வடிவமைத்தார். இராணுவச் சீருடைகளின் வரலாற்றில் ஊறிய மனிதர், இந்தப் படத்துக்காக ஆஸ்கார் வாங்கினார். நிக் பெம்பர்ட்டன் தலைக்கவசத்தைக் களிமண்ணில் செய்தார். பிரையன் மியூர் உடம்புக் கவசத்தையும் கறுப்பு முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடரின் முகத்தையும் செதுக்கினார். ஆன்ட்ரூ எய்ன்ஸ்வர்த் ட்விக்கன்ஹாமில் தன்னுடைய வேலைத்தளத்தில் அந்த உருவங்களைப் பிளாஸ்டிக்கில் இழுத்து எடுத்தார். உங்கள் வீட்டில் இருந்து 281 பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்! 1976 மார்ச்சில் துனிசியாவில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. அவசரம். சண்டைக் காட்சிகளுக்கான தலைக்கவசங்கள் பெரும்பாலானவை எச்டிபிஈ என்ற பிளாஸ்டிக்கில் செய்து, மேலே வெள்ளைப் பெயின்ட் அடிக்கப்பட்டவை. முகம் தனி, பின்மண்டை தனி, காது இரண்டும் தனி. ஒவ்வொன்றையும் கையால் வெட்டி, பொருத்தி, திருகாணி போட்டார்கள். கன்னத்து நீலக் கோடுகளைத் தூரிகையால் போட்டார்கள். ஸ்டிக்கர் வந்தது 1980இல் வந்த இரண்டாம் படத்துக்குத்தான். முதல் படத்தின் வீரன் என்று சொல்லிக்கொண்டு இரண்டாம் படத்தின் ஸ்டிக்கரை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிக் கொடுங்கள்.

கண் இரண்டும் ஒன்றுபோல இல்லை என்றால், களிமண்ணைப் பிசைந்தவரின் கண் அப்படித்தான் பார்த்தது. காது ஏறி இறங்கி இருக்கிறது என்றால், கத்தி பிடித்தவர் அப்படித்தான் வெட்டினார். உங்களுக்குக் கிட் விற்றவர் அதை அப்படியே காப்பாற்றித் தந்திருக்கிறார். நீங்கள் 'படத்தில் உள்ளது உள்ளபடியே' என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அதை அழிக்க அரம் எடுக்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எண்பதுகளில் லண்டனுக்கு வந்த புதிதில், நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன வேலைத்தளத்தில் இரவு வேலை செய்தேன். கடைப் பெயர்ப்பலகைகளுக்கான எழுத்துகளைப் பிளாஸ்டிக் தகட்டில் இழுத்தெடுக்கும் இடம். அந்த யந்திரத்தின் முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும்: சட்டத்தில் இறுக்கிய தகட்டுக்கு மேலே சூடு ஏறும்போது முதலில் அது அலை அலையாகச் சுருங்கும். பிறகு திடீரென்று பறைத்தோல்போல விறைத்து நிற்கும். அவசரப்பட்டு அப்போது இறக்கினால் கிழியும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நடுவில் தொய்யத் தொடங்கும். அந்தத் தொய்வைக் கண்ணால் அளந்து, அச்சின் மேல் இறக்கி, காற்றை உறிஞ்ச விட வேண்டும். 'சர்'ரென்று ஒரு சத்தம், தகடு எழுத்தாகிவிடும். மூலைகளில் மெலிந்திருக்கும். தொய்வு கூடினால் இன்னும் மெலியும். எவ்வளவு தொய்ய விடுவது என்பது ஆளுக்கு ஆள் வேறு.

எனக்கு அந்த வேலையைப் பழக்கியவர் ஒரு வயதான ஆங்கிலேயர். அதிகம் பேச மாட்டார். மிச்சத் தகட்டை அவர் கத்தியால் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடிமட்டம் வைத்து நான் பார்த்ததில்லை. வளைவுகளில் கத்தியை உள்ளே கொஞ்சம் சாய்ப்பார். அதனால் அவர் வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினால் ஒரு சாய்வு தெரியும். சனிக்கிழமை காலையில் வேலை முடிந்து கடைத்தெரு வழியாக நடந்து போகும்போது மேலே கை காட்டுவார். அந்த 'ஆர்' அவருடையது, பக்கத்தில் நிற்கும் 'எஸ்' இன்னொருவருடையது, அந்த மருந்துக்கடையின் முதல் எழுத்து என்னுடையது. கீழே நின்றே அவருக்குத் தெரிந்தது. தெருவில் போகிற ஒருவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. பிறகு அந்தப் பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டு வேறு வைத்தார்கள். அந்த மனிதரின் வேலை இந்த உலகத்தில் இருந்ததற்கு இன்று என்னைத் தவிரச் சாட்சி இல்லை.

ஸ்டோர்ம்ட்ரூப்பரின் தலைக்கவசத்துக்கு அந்தக் கதி வரவில்லை. ஏன்? உங்களைப் போன்ற ஆட்களால். எத்தனை எத்தனை பேர் படத்தை நிறுத்தி நிறுத்தி, தப்பிப் பிழைத்த தலைக்கவசங்களின் படங்களைப் பக்கத்தில் வைத்து, எந்தக் காட்சியில் எந்தத் தலை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்! எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கோணலை வைத்துத்தான். இதில் கண்ணில் பதித்த பச்சைக் கண்ணாடி தட்டையாக இருக்கிறது, ஆகவே இது சண்டைக் காட்சிக்கானது; அதில் குமிழாக இருக்கிறது, ஆகவே அது கிட்டத்தில் காட்டுவதற்கானது. இங்கே ஒரு கோடு தடித்துவிட்டது, அங்கே பெயின்ட் வழிந்திருக்கிறது. சுவடிகளை ஒப்புநோக்கியவர்கள் செய்ததும் இதையேதான். ஒரே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால் இரண்டும் ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள். பிழை என்று நினைத்து ஒருவன் நடுவில் திருத்திவிட்டால் வழி அறுந்துபோகும். நீங்கள் அராவுகிற கண் அப்படியொரு வழி.

ஒரு வழக்கு நடந்தது, தெரிந்திருக்கும். எய்ன்ஸ்வர்த் பழைய அச்சுகளை வைத்துத் தலைக்கவசங்கள் செய்து விற்றார். படத்தை எடுத்த லூகாஸ்ஃபில்ம் கம்பெனி வழக்குப் போட்டது. தலைக்கவசம் 'சிற்பமா' என்பதுதான் பெரிய கேள்வி. சிற்பம் என்றால் பதிப்புரிமை நெடுங்காலத்துக்கு உண்டு. 2008இல் உயர் நீதிமன்ற நீதிபதி செங்கல் குவியலை உதாரணம் காட்டினார்: டேட் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தால் அது சிற்பமாகலாம், வீட்டு வாசலில் கொட்டிக் கிடந்தால் ஆகாது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சிற்பம் இல்லை என்றது. படம்தான் கலைப்படைப்பு, தலைக்கவசம் அதை எடுப்பதற்குப் பயன்பட்ட பொருள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அதை நான் எதிர்த்து வாதாட வரவில்லை. ஒரு கம்பெனிக்கு நூறு வருட உரிமை கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் 'பயன்பட்ட பொருள்' என்ற அந்த நினைப்பு என்னை விடவில்லை. அதே நினைப்புத்தான், தம்பி, உங்கள் கையில் அரத்தைக் கொடுத்தது. பொருள்தானே, கோணலாக இருக்கிறது, நேராக்கினால் என்ன என்று தோன்றுகிறது. யாரோ ஒருவர் செய்தது என்று நினைத்திருந்தால் கை நடுங்கியிருக்கும்.

லிஸ் மோர் என்ற சிற்பியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதே படத்தில் வரும் தங்க நிற இயந்திர மனிதன் சி-3பிஓவின் உருவத்தைக் களிமண்ணில் செய்தவர். 1976 ஆகஸ்டில் ஒரு கார் விபத்தில் போய்விட்டார். படம் திரைக்கு வந்தது அடுத்த வருடம் மே மாதம். தன் கையால் செய்த முகத்தைத் திரையில் அவர் பார்க்கவே இல்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அந்த முகம் தெரியும், அவர் பெயர் தெரியாது. அவருடைய விரல் பட்ட இடம் எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால், அது அந்த முகத்தின் மேடு பள்ளத்தில்தான். அதையும் ஒருவன் சமப்படுத்திவிட்டால் என்ன மிஞ்சும்?

2005இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்காக வேடரின் முகத்தைக் கணினியில் இரு பக்கமும் ஒன்றாக்கினார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மியூர் செதுக்கிய முகம் ஒரு பக்கம் கொஞ்சம் சினந்தும் மறுபக்கம் கொஞ்சம் துயருற்றும் தெரியும். வெளிச்சம் மாற மாற முகமும் மாறும். புதியது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே முகம். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகவே எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்பது எனக்குத் தெளிவு. உடம்புக்காக வெட்டுவது வேறு, கண்ணுக்கு அழகாக்குவது வேறு. அன்றும் அந்தக் கவசங்களை ஆளுக்கு ஆள் இழுத்துக் கட்டித்தான் நடிக்க வைத்தார்கள். அதை நீங்களும் செய்யலாம். முகத்தில் கை வைக்காதீர்கள். இதுவரை அராவியது எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. விளிம்பு மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், இனித் தொட வேண்டாம். நிறைய என்றால் கிட் விற்றவரிடம் முகத்துண்டை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

கோடுகளுக்கு ஹம்ப்ரோல் பெயின்டில் 14ஆம் எண், நீலம். நெற்றியிலும் கன்னத்திலும் வரும் சாம்பலுக்கு 5. நல்ல தூரிகை வாங்குங்கள். முதலில் பழைய பிளாஸ்டிக் துண்டில் போட்டுப் பழகிவிட்டுப் பிறகு முகத்துக்குப் போங்கள். கை சற்று நடுங்கினால் நடுங்கட்டும், அன்று போட்டவருக்கும் அப்படித்தான்.

தொடையை மேலே இருந்து வெட்டுங்கள். கீழ் விளிம்பில் மேடாக ஒரு வரம்பு ஓடுகிறது, அதைத் தொடக் கூடாது. கீழ்க்காலில் முழங்காலுக்குப் பின்பக்கம்தான் முதலில் குறைக்க வேண்டும். மடிக்க முடியாமல் இருப்பது அதனால்தான். சுற்றளவைக் குறைக்கும்போது இரண்டு பாதியிலும் சமமாகக் குறையுங்கள். முன்பக்க இணைப்பின் மேல் 20 மில்லிமீட்டர் பட்டி வரும், இணைப்புக்கு இருபுறமும் பத்துப் பத்தாக அது உட்கார வேண்டும். பின்னால் 25, கைகளுக்கு 15. கத்தியால் ஒரே கோட்டில் நாலைந்து தரம் கீறிவிட்டு மடித்தால் ஏபிஎஸ் தானாக உடையும், அறுக்கத் தேவையில்லை. அளவெடுக்கும்போது கறுப்பு உள்ளாடையையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு நில்லுங்கள், வெறும் காலில் எடுத்த அளவு உதவாது.

பசைக்கு ஈ6000. இறுக ஒன்றிரண்டு நாள் எடுக்கும், அதுவரை கவ்விகளும் காந்தமும் போட்டு வையுங்கள். பிழை விட்டால் இழுத்துப் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டலாம். சூப்பர் குளூவில் அது முடியாது. கிடங்கில் வைத்து ஒட்டினால் யன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளை உள்ளே விட வேண்டாம்.

அன்புடன்