கடைசிக் காட்சியை முதலில் பாருங்கள்

சேகரிப்போர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1940-களின் ஹாலிவுட் படம் ஒன்றை ஆர்டர் செய்து வாங்கினேன். டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லை, ஊதாவாக இருக்கிறது. திருட்டுப் பிரதியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டு யாரையும் திட்டாதீர்கள். ஊதா என்றால் அது டிவிடி-ஆர். அச்சில் அழுத்திச் செய்ததல்ல, லேசரால் எழுதியது. திருட்டுப் பிரதியும் அதே நிறத்தில்தான் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் படத்தின் உரிமை உள்ள ஸ்டூடியோக்களே இப்படி விற்றிருக்கின்றன. வார்னர் நிறுவனம் 2009 மார்ச் மாதம் ‘வார்னர் ஆர்க்கைவ்’ என்ற பெயரில் 150 படங்களுடன் இதைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சோனி, யுனிவர்சல், எம்ஜிஎம், ஃபாக்ஸ் என்று வரிசையாக வந்தன.

கணக்கு எளிது. ஆயிரக்கணக்கில் அச்சடித்தால்தான் வழக்கமான டிவிடி கட்டுப்படியாகும். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல் எழுபது நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு பழைய துப்பறியும் படத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் எங்கே கிடைப்பார்கள்? என்னைப் போல் நாலு பைத்தியங்கள் கிடைப்பார்கள். அந்த நாலு பேருக்காக, கேட்கக் கேட்க எழுதிக் கொடுத்தார்கள். கிடங்கும் தேவையில்லை, தேங்கும் சரக்கும் இல்லை.

இவற்றில் அலங்காரத்தை எதிர்பார்க்காதீர்கள். காட்சிவாரியாகப் பிரித்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு ஓர் இடம் குறித்திருப்பார்கள், அவ்வளவுதான். டிரெய்லர் இருந்தால் அதிர்ஷ்டம். சப்டைட்டில் அநேகமாக இருக்காது. காது மந்தமாகிவரும் எனக்கு இதுதான் பெரிய குறை. அந்தக் கால நாயகிகள் மூச்சு விடாமல் பேசுகிறவர்கள். அதே வார்னர் வரிசையில் பிற்பாடு ப்ளூரேயும் வரத் தொடங்கியது. அவை அச்சில் அழுத்தியவை, ஆங்கில சப்டைட்டிலோடு வருகிறவை. நீங்கள் வாங்கிய படம் அதிலும் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வந்த டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்க்க நேரமில்லை.

பதில்: கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் ஓட்டுங்கள். டிஸ்க் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் நோக்கிப் படிக்கப்படுகிறது. ஓர் அடுக்கு மட்டும் உள்ள டிவிடி-ஆரில், நீளமான படமாக இருந்தால் அதன் முடிவு வெளிவிளிம்பை ஒட்டி அமையும். கைபட்ட அழுக்கு, எழுதும்போது நேர்ந்த பிசகு எல்லாம் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் காட்டிக்கொடுக்கும். படம் கட்டம் கட்டமாகச் சிதறினால் உடனே திருப்பி அனுப்புங்கள். திருப்பித்தரும் கெடு முடிந்த பிறகு புலம்பிப் பயனில்லை. கணினி இருந்தால் முழு டிஸ்க்கையும் ஒருமுறை நகலெடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. நான் பழைய முறையையே விடாமல் பிடித்திருக்கிறேன். அதனால் கொலையாளி யார் என்பது எனக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. என் மனைவி இப்போதெல்லாம் கூரியர் வந்தாலே அறையை விட்டுப் போய்விடுகிறார்.

கேள்வி: லேசரால் எழுதிய டிஸ்க் சீக்கிரம் அழிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: அதில் தகவல் பதிவாகியிருப்பது ஒரு சாயப்படலத்தில். வெளிச்சமும் வெப்பமும் சாயத்துக்கு ஆகாதவை. ஆகவே பெட்டிக்குள், நிமிர்த்தி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள். அழுத்திச் செய்த டிஸ்க் அமரத்துவம் பெற்றது என்றும் நினைத்துவிட வேண்டாம். 2006 முதல் 2008 வரை தயாரான சில டிவிடிகளில் கோளாறு இருக்கலாம் என்று வார்னர் நிறுவனமே 2025-இல் ஒப்புக்கொண்டு, மாற்றித் தருவதாகச் சொன்னது. என் அலமாரியில் எழுதிய டிஸ்க்குகளைச் சந்தேகத்தோடும் அழுத்தியவற்றைச் சற்றுக் குறைந்த சந்தேகத்தோடும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரே பெட்டியில் ஐம்பது படங்கள், அதுவும் ஒரு படத்தின் விலையில்! எப்படி முடிகிறது? வாங்கலாமா?

பதில்: உரிமைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் முடிகிறது. அமெரிக்காவின் பழைய சட்டப்படி ஒரு படத்துக்குப் பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகள்தான். அது முடியும் தறுவாயில் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். 1963 வரை வெளியான படங்களுக்கு இது கட்டாயமாக இருந்தது. நிறுவனம் மூடிப்போயிருக்கும், அல்லது எழுத்தர் மறந்திருப்பார், படம் பொதுச்சொத்தாகிவிடும். கொலம்பியா தயாரித்த ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940) அப்படித்தான் கைநழுவியது. ‘ஷரேட்’ (1963) கதை இன்னும் பரிதாபம். திரையில் காட்டிய உரிமை அறிவிப்பில் ‘காப்பிரைட்’ என்ற சொல்லும் இல்லை, அதற்கான குறியும் இல்லை. வெளியான அன்றே அமெரிக்காவில் ஊர்ச்சொத்து.

சட்டம் படத்தைத்தான் விடுவித்தது, நெகட்டிவை அல்ல. நெகட்டிவ் ஸ்டூடியோவின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும். மலிவுப் பதிப்பாளர் கையில் கிடைப்பது தொலைக்காட்சி நிலையங்களுக்குப் போய்த் தேய்ந்து வந்த 16 மி.மீ. பிரின்ட். கறுப்பு சாம்பலாகவும் முகங்கள் சுண்ணாம்பாகவும் தெரியும். ஐம்பது படப் பெட்டியில் பொதுவாகப் பன்னிரண்டு டிஸ்க்குகள், இருபக்கமும் பதிந்தவை. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று படங்களைத் திணித்திருப்பார்கள். மழைக்காட்சி வந்தால் எது மழை, எது கீறல் என்று கண்டுபிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

இத்தனைக்கும் பிறகு, வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். மேலே சொன்ன இரண்டு படங்களையும் அந்தப் பெட்டியில் பார்க்காதீர்கள்; அவற்றுக்கு நல்ல பதிப்புகள் உண்டு. ஆனால் அதே பெட்டியின் மூலையில், சின்னக் கம்பெனி ஒன்று ஒரு வாரத்தில் எடுத்து முடித்த படம் ஏதாவது இருக்கும். அதன் நெகட்டிவ் எங்கேயும் மிஞ்சியிருக்காது. அதற்கு அந்தச் சுண்ணாம்பு முகங்கள்தான் கதி. நான் அவற்றுக்காகத்தான் வாங்குகிறேன்.

கேள்வி: அட்டையில் ‘டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பதில்: அப்படிப் போடுவதற்கு மை இருந்தால் போதும்.

கேள்வி: ஒரே படம் ஒரு டிஸ்க்கில் 100 நிமிடம், ஐரோப்பியப் பதிப்பில் 96 நிமிடம். வெட்டியிருக்கிறார்களா?

பதில்: இல்லை. சினிமா நொடிக்கு 24 சட்டகங்கள். ஐரோப்பாவின் பழைய தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) முறையில் 25. படத்தைச் சற்று விரைவாக ஓட்டி ஒப்பேற்றியிருப்பார்கள். நூற்றுக்கு நான்கு நிமிடம் அதில் போய்விடும், குரலும் இம்மியளவு கீச்சிடும். இந்தக் கணக்குக்குள் அடங்காமல் பத்து நிமிடம் குறைந்தால் கத்திரி விழுந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். விளம்பரத்துக்கு இடம் விட்டு வெட்டிய தொலைக்காட்சிப் பிரின்ட்டாக இருக்கும்.

கேள்வி: சினிமாஸ்கோப் படங்களை, ஆர்டரின் பேரில் எழுதித் தரும் டிஸ்க்கில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது?

பதில்: 1953-க்குப் பிந்தைய அகலத்திரைப் படம் என்றால் பட விகிதத்தை, அதாவது உயரத்தைப் போல் அகலம் எத்தனை மடங்கு என்பதை, முதலில் பாருங்கள். 2.35:1 இருக்க வேண்டிய இடத்தில் 1.33:1 என்றிருந்தால் தொடாதீர்கள். படத்தின் நாற்பது சதவீதத்துக்கு மேல் பக்கவாட்டில் போயிருக்கும். பழைய தொலைக்காட்சிக்காகச் செதுக்கிய பிரதியையே எடுத்து எழுதிக்கொடுத்த பெரிய ஸ்டூடியோவும் உண்டு. அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. காதலர்கள் இருவர் பேசிக்கொள்ளும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் நடித்திருக்கிறது. வேண்டுபவர்கள் எழுதுங்கள், இலவசமாகவே தருகிறேன். தபால் செலவு உங்களுடையது.