ஆய்வு முடிவுகள் உரியவர்களைச் சென்றடைய

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனம் மூன்று நாடுகளில் ஊரகக் குடிநீர்த் திட்டங்களை ஆராய்ந்து 120 பக்க அறிக்கை தயாரித்துள்ளது. கையில் மிஞ்சியிருக்கும் சிறு தொகையைக் கொண்டு அதன் முடிவுகளை எப்படிப் பரப்பலாம்?

பதில்: அறிக்கையை இணையதளத்தில் ஏற்றியதோடு நின்றுவிடாதீர்கள். உலக வங்கியின் கொள்கை அறிக்கைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒருமுறைகூடப் பதிவிறக்கப்படவில்லை என்பதை அவ்வங்கியே 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

உங்கள் முடிவுகளால் யாருடைய எந்தத் தீர்மானம் மாறக்கூடும், அது எந்த மாதத்தில் எடுக்கப்படுகிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நிதிநிலை அறிக்கை முடிவான பிறகு அமைச்சகத்துக்குப் போய்ச் சேரும் நல்ல ஆய்வு ஓராண்டு காத்திருக்க நேரும். பிரேசிலில் 2,000க்கும் மேற்பட்ட நகராட்சிகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், வரி செலுத்துவோருக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்புவது பயன் தரும் என்ற ஆய்வு முடிவைச் சிறு கூட்டத்தில் கேட்டறிந்த மேயர்களின் நகராட்சிகள் அம்முறையைக் கைக்கொள்ளும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. செலவு குறைந்ததாகவும் மேயரின் அதிகாரத்துக்குள் அடங்கியதாகவும் அந்த யோசனை இருந்ததே இதற்குப் பெரிதும் உதவியது என்பது என் கருத்து. ஆகவே உங்கள் பரிந்துரைகளில், கேட்பவர் தம் கையெழுத்தாலேயே செய்யக்கூடியது எதுவோ அதை முன்னே வையுங்கள்.

வடிவத்துக்குக் கனடாவின் சுகாதார ஆய்வுத் துறையில் உருவான 1-3-25 முறை போதும்: ஒரு பக்கத்தில் முக்கியச் செய்திகள், மூன்று பக்கச் சுருக்கம், 25 பக்க அறிக்கை. மீதியைப் பின்னிணைப்பாக்கலாம்.

பலரும் தவறவிடுவது, தகவல் தந்த ஊர்களுக்குத் திரும்பிச் செல்வதை. அச்சுக்கு முன்பே அவர்களுடைய மொழியில் முடிவுகளை வாய்மொழியாகச் சொல்லி, எங்கே தவறாகப் புரிந்துகொண்டோம் என்று கேளுங்கள். கைப்பம்பு பழுதானதற்கு நீங்கள் பராமரிப்புக் குறைவைக் காரணமாக எழுதியிருக்க, உதிரி பாகம் விற்கும் கடை எட்டாத தொலைவில் இருப்பதே காரணம் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். சிறிய ஊரில் பெயரை மறைத்தாலும் 'குடிநீர்க் குழுவின் பொருளாளர்' என்ற ஒரு சொல்லே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அத்தகைய வரிகளை அவர்களிடமே காட்டி ஒப்புதல் பெறுங்கள். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

மிஞ்சிய தொகையை வழவழப்பான அச்சுக்கும் வெளியீட்டு விழாவுக்கும் செலவிடாமல், மொழிபெயர்ப்புக்கும் இந்தப் பயணங்களுக்கும் ஒதுக்குங்கள். பிறர் தடையின்றி மொழிபெயர்க்கவும் மறுபதிப்புச் செய்யவும் வசதியாக, திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள்.