சாலை வரி கட்டிய பிறகும் சுங்கக் கட்டணம் ஏன்?

வண்டி வாங்கும்போது நாம் கட்டும் சாலை வரி மாநில அரசுக்குப் போகிறது. தேசிய நெடுஞ்சாலையின் சுங்கக் கட்டணம் வேறு. அது 2008ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி வசூலாகிறது. ஆனால் பெட்ரோல், டீசல் விலைக்குள்ளும் சாலைக்கென்று மேல்வரி இருக்கிறது. ஆகவே இரட்டைச் சுமை என்று நீங்கள் குமுறுவதில் நியாயம் உண்டு.

எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது வேறொன்று. ஏப்ரல்தோறும் கட்டணம் 3 சதவீதமும், மொத்த விற்பனை விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் சேர்ந்து ஏறுகிறது. சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தாலும் ஏறும்! கேரளத்தின் இடப்பள்ளி–மண்ணுத்தி சாலையில் இதுதான் வெடித்தது. 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அங்குள்ள பாலியேக்கரைச் சுங்கச்சாவடியில் வசூலைத் தற்காலிகமாக நிறுத்தியது. பன்னிரண்டு மணி நேரம் நெரிசலில் கிடப்பவர் எதற்காக 150 ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் கேட்டது. சரியான கேள்வி. ஓடாத சாலைக்குக் கூலி எதற்கு?

செலவைக் குறைக்க வழி உண்டு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். அடிக்கடி போகும் சொந்தக் கார் என்றால், 2025இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுப் பாஸில் ஓராண்டு அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை கடக்கலாம். மாநில நெடுஞ்சாலைகளில் அது செல்லாது.