மாடி வாடகையைக் குறைத்துக் கொடுத்தால் தப்பா?

கேள்வி: பெரம்பூரில் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடத்தும் பிரிவு 8 கம்பெனி (லாபத்தைப் பங்கு போடாமல் பொதுநலத்துக்கு நடத்தும் கம்பெனி) எங்களுடையது. வருமான வரியில் தர்ம ஸ்தாபனங்களுக்கு விலக்கு தரும் 12ஏபி பதிவும் இருக்கிறது. கட்டடம் சொந்தம். மாடியை ஒரு டைரக்டரின் தம்பிக்கு மாதம் 6,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் அதே அளவு இடம் 18,000 போகிறது. இன்னொரு டைரக்டர், மகள் கல்யாணத்துக்காக எங்கள் பிக்சட் டெபாசிட்டை உடைத்து 6 லட்சம் கடன் கேட்கிறார். வட்டியோடு தந்துவிடுவாராம். நாங்கள் ஆளாளுக்குப் பணம் போட்டு ஆரம்பித்ததுதானே, எங்களுக்கு உரிமை இல்லையா? நாளைக்கே மூடினால் கட்டடத்தைப் பிரித்துக்கொள்ளலாமா?
- செயலாளர், பெரம்பூர்

பதில்: போட்ட பணம் போட்ட அன்றைக்கே உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. மற்ற கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை.

பீரோவில் இருக்கும் மெமோராண்டத்தை (கம்பெனியின் நோக்கத்தையும் கட்டுப்பாடுகளையும் எழுதிய அடிப்படை ஆவணம்) எடுத்து, வருமானமும் சொத்தும் பற்றிய பத்தியைப் படியுங்கள். டிவிடெண்டாகவோ போனஸாகவோ வேறு எந்த வழியிலோ, நேராகவோ சுற்றியோ, உறுப்பினருக்கு எதுவும் போகக் கூடாது என்று இருக்கும். முன்னாள் உறுப்பினருக்கும் அப்படித்தான். விலக்கு சிலதுதான்: கைக்காசு போட்டுச் செய்த செலவு, உறுப்பினர் கம்பெனிக்குக் கொடுத்த கடனுக்கு நியாயமான வட்டி, அவர் விட்ட இடத்துக்கு நியாயமான வாடகை, உண்மையிலேயே செய்த வேலைக்கு அளவான சம்பளம். கடனும் இடமும் உறுப்பினரிடமிருந்து கம்பெனிக்கு வருவதற்குத்தான் வழி விட்டிருக்கிறது. திரும்பிப் போவதற்கு இல்லை.

ஆகவே அந்த 6 லட்சம் கடன் வேண்டாம். வட்டி கொடுத்தாலும் அது உறுப்பினருக்குக் கிடைத்த சலுகைதான். போதிய ஈடு, போதிய வட்டி இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வருமான வரிச் சட்டத்திலும் மாட்டும். தர்ம ஸ்தாபனத்தின் பணத்தை எதில் போட்டு வைக்கலாம் என்று சட்டம் தரும் பட்டியலில் வங்கி டெபாசிட், தபால் நிலையச் சேமிப்பு, அரசுப் பத்திரம் எல்லாம் உண்டு. தனிநபருக்குக் கொடுத்த கைமாற்று இல்லை. கல்யாணச் செலவுக்கு அவர் வங்கியில் தனிக் கடன் வாங்கிக்கொள்ளட்டும்.

அவசரமாகச் சரிசெய்ய வேண்டியது வாடகை. டைரக்டரின் தம்பி சட்டப்படி 'உறவினர்'; அவருக்குத் தந்த சலுகையும் டைரக்டருக்குத் தந்தது போலத்தான். மாதம் 12,000 குறைவு என்றால் வருஷத்துக்கு 1,44,000 ரூபாய். கணக்கைப் பார்க்கும் வருமான வரி அதிகாரி அந்தத் தொகைக்கு 30 சதவீத வரி போடலாம்: 43,200 ரூபாய், செஸ் தனி. அதற்கு மேல் முதல் தடவை பிடிபட்டால் அதே 1,44,000 அபராதம்; அடுத்த வருஷமும் தொடர்ந்தால் இரண்டு மடங்கு. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்குப் போக வேண்டிய பணம் அது. 'தெரிந்தவர், வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வார்' என்ற நல்லெண்ணத்தைக் கணக்கில் காட்ட முடியாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். அதே தெருவில் இரண்டு மூன்று வாடகை ஒப்பந்த நகல்களோ, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் கடிதமோ வாங்கி ஃபைலில் வையுங்கள். போர்டு மீட்டிங் கூட்டுங்கள். சம்பந்தப்பட்ட டைரக்டர் உறவைச் சொல்லிவிட்டு வெளியே போகட்டும். மினிட்ஸ் புத்தகத்தில் "மாடி வாடகை தம் தம்பி பெயரில் இருப்பதைத் தெரிவித்து அவர் அறையை விட்டு வெளியேறினார், வாக்களிக்கவில்லை" என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். பிறகு எழுதிச் சேர்த்த வரி ஆடிட்டர் கண்ணுக்குத் தப்பாது. புது வாடகைக்குப் புது ஒப்பந்தம், பணம் வங்கி வழியாக மட்டும். இந்த வருஷத்துக் குறைவையும் தம்பியிடம் வசூலித்துவிடுங்கள். ஆடிட்டரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். டைரக்டர், அவருடைய உறவினர் போன்றவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கலைக் கேட்கும் பகுதி தணிக்கை அறிக்கையிலேயே இருக்கிறது.

டைரக்டரின் மனைவி கணக்குப் பாடம் எடுத்தால் சம்பளம் கொடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. கொடுக்கலாம். மற்ற ஆசிரியருக்குத் தரும் அதே தொகை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, நியமனக் கடிதம் மூன்றும் இருக்க வேண்டும்.

மூடுவது பற்றி: கடனெல்லாம் அடைத்து மிஞ்சும் சொத்து உங்களைப் போன்ற நோக்கமுள்ள இன்னொரு பிரிவு 8 கம்பெனிக்குப் போகும், இல்லையேல் விற்ற பணம் மத்திய அரசின் திவால் நிதிக்குப் போகும். உறுப்பினருக்கு ஒரு செங்கல்கூட வராது. மீறினால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை, டைரக்டர் ஒவ்வொருவருக்கும் 25,000 முதல் 25 லட்சம் வரை அபராதம். வருமானமும் சொத்தும் பற்றிய அந்தப் பத்தியையே திருத்திவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அரசின் முன் அனுமதி இல்லாமல் மெமோராண்டத்தில் ஒரு சொல்லும் மாற்ற முடியாது என்று சொல்லிவிடுங்கள்.