பரிமாணங்கள் குறைந்த, கூடிய உலகங்களைப் பற்றிய நையாண்டிக் கதைகளில் எதை முதலில் படிக்கலாம்? அவை வெறும் கணிதக் கதைகள்தானா?

'ஃபிளாட்லேண்ட்' படியுங்கள். லண்டனில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த எட்வின் அபாட், 1884இல் 'ஒரு சதுரம்' என்ற புனைபெயரில் வெளியிட்ட சின்ன நாவல் அது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

படிக்கும்போது முதல் பாதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பலர் நேராக, முப்பரிமாண உலகத்திலிருந்து ஒரு கோளம் வருகிற இடத்துக்குப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் காணொளிகளில் அதைத்தான் காட்டுகிறார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அந்த முதல் பாதியில்தான் இருக்கிறது: இது கணிதக் கதை மட்டும் இல்லை. முதலில் சமூக நையாண்டி, அப்புறம்தான் கணிதம்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் கணித ஆசிரியை. பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தப் புத்தகத்தைப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வடிவியல் பாடத்துக்குத் துணையாக இருக்கும் என்றுதான் எடுத்தேன். ஆனால் வகுப்பில் பேச்சு ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் போகிறது, அதைத் தடுக்க எனக்கும் மனம் வருவதில்லை. காரணம் சொல்கிறேன்.

கதையின் உலகம் ஒரு தட்டையான தளம். அங்கே ஆட்களின் தகுதி அவர்களுக்கு எத்தனை பக்கங்கள் என்பதைப் பொறுத்தது. பெண்கள் வெறும் நேர்கோடுகள். இருசமபக்க முக்கோணங்கள் சிப்பாய்களும் கூலிகளும். சமபக்க முக்கோணங்கள் வியாபாரிகள். சதுரமும் ஐங்கோணமும் படித்த உத்தியோகக்காரர்கள், அறுகோணத்திலிருந்து பிரபுக்கள், பக்கங்கள் எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டால் வட்டம். வட்டங்கள்தான் குருமார்கள், ஆட்சியும் அவர்கள் கையில். பிறப்பால் வருவது இந்தத் தகுதி. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு உடனே சாதி நினைவுக்கு வரும். எங்களுக்கும் வரும். 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் பதிவேட்டில் எழுதும்போது பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஆனால் என் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று. தட்டை உலகத்தில் எல்லாருமே பக்கவாட்டிலிருந்து ஒரு கோடாகத்தான் தெரிவார்கள். அப்படியென்றால் எதிரே வருபவர் முக்கோணமா சதுரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கீழ்த்தட்டு ஆட்கள் மூலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். மேல்தட்டு ஆட்கள் பார்த்தே கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி எடுப்பார்கள். இந்த இடம் வந்ததும் வகுப்பில் யாராவது ஒருவர் 'பென்சில்' என்று சொல்லிவிடுவார். 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் இந்த நாட்டில் ஒவ்வொருவரையும் இன வாரியாகப் பதிவு செய்யச் சொன்னது. தோற்றமும், ஊரார் அவரை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதும்தான் அளவுகோல். சந்தேகம் வந்தால் அதிகாரிகள் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்ததும் உண்டு. 1991 வரை அந்தச் சட்டம் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் தாத்தா, ஆயாக்கள் பலர் நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்டு, இங்கே எண் போட்ட யூனிட்டுகளில் (குடியிருப்புப் பிரிவுகளில்) குடியமர்த்தப்பட்டவர்கள். ஆளை அளப்பதற்கு ஒரு முறை வேண்டும், அந்த முறையைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிகளில் தொட்டுப் பழகுவதற்காகக் கீழ்த்தட்டு முக்கோணங்களை 'மாதிரி'களாகக் கட்டி வைத்திருப்பார்கள் என்று கதைசொல்லிச் சதுரம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. சில ஊர்களில் அவற்றுக்குச் சாப்பாடு போடுவார்களாம். நிர்வாகம் சிறப்பாக நடக்கிற ஊர்களிலோ சாப்பாடே கொடுக்காமல் மாதம் ஒரு முறை புது மாதிரியை மாற்றிக்கொள்வார்களாம். எது செலவு குறைவு, எது மாணவர்களுக்கு நல்லது என்றுதான் அதன் கவலை. புத்தகத்தில் எனக்கு மிகவும் முக்கியமான இடம் இது. எழுதியவர் எங்கும் கோபப்படவில்லை. நல்ல குடும்பஸ்தன், படித்தவன், பேரன்மேல் உயிரையே வைத்திருக்கிறவன் ஒருவனை இதைச் சொல்ல வைத்திருக்கிறார். அவனுக்குத் தன் உலகத்தில் எதுவும் தவறாகத் தெரியவில்லை. கோபம் நம்மிடம் வர வேண்டும் என்று இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அடுத்து, கீழ்த்தட்டுக் குடும்பத்தில் அபூர்வமாக ஒரு சமபக்கக் குழந்தை பிறக்கும். அதற்குச் சான்றிதழ் கொடுத்து, பெற்றோரிடமிருந்து பிரித்து, குழந்தையில்லாத சமபக்க முக்கோண வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குழந்தை பிறந்த வீட்டில் இனி கால் வைக்கக் கூடாது, சொந்தக்காரர் முகத்தைப் பார்க்கவும் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொள்வார்கள். தென்னாப்பிரிக்காவில் எதிர்த்திசையில் இப்படி நடந்தது. 1966இல் பீட் ரெட்டீஃப் என்ற ஊரில், வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்த பத்து வயதுச் சிறுமியை, பார்க்க வெள்ளையாக இல்லை என்று பள்ளியிலிருந்து வெளியேற்றி, கலப்பினத்தவர் என்று மறுபதிவு செய்தார்கள்.

அந்த அபூர்வக் குழந்தையால் மேல்தட்டுக்கு என்ன லாபம் என்பதையும் சதுரமே சொல்லிவிடுகிறது. 'நம் வீட்டிலும் ஒன்று பிறக்கும்' என்ற நம்பிக்கை கீழே இருப்பவர்களுக்கு ஆறுதல், மேலே இருப்பவர்களுக்குப் புரட்சியைத் தடுக்கும் அணை. இந்த வரியைப் படித்தால் எங்கள் வகுப்பில் 1984 பற்றிய வாக்குவாதம் வந்தே தீரும். புத்தகம் வெளிவந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, நிறவெறி அரசு மூன்று அவை நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்தது. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு எதுவும் இல்லை. இந்திய வாக்காளர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவில்லை. உள்ளே போனவர்கள் எல்லாரும் துரோகிகளா, ஏதாவது செய்ய முடியும் என்று நம்பிப் போனவர்களா என்று பிள்ளைகள் இன்றும் கடுமையாக மோதிக்கொள்கிறார்கள். எனக்குத் தெளிவான கருத்து உண்டு: அந்த அவை ஒரு அணை. ஒரு பக்கம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதை யாருக்குக் கொடுக்காமல் நமக்குக் கொடுக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெண்களைப் பற்றிய பகுதி உங்களுக்கு எரிச்சல் தரலாம். பெண்களுக்குத் தனி வாசல், தெருவில் நடந்தால் குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும், மூளை கிடையாது என்றெல்லாம் வரும். வெளியான காலத்திலேயே இதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அதற்குப் பதிலும் இருக்கிறது: நேர்கோடுகள் பல விதங்களில் வட்டங்களைவிட மேலானவை என்று சதுரம் இப்போது நினைக்கத் தொடங்கியிருக்கிறதாம். அபாட் பெண் கல்விக்காகப் பாடுபட்டவர். ஆண்கள் பெண்களிடம் அன்பு, கடமை என்று ஒரு மொழியும், தங்களுக்குள் லாபம், நஷ்டம் என்று இன்னொரு மொழியும் பேசுகிறார்கள் என்று அவர் எழுதிய பக்கத்தை வாசித்துப் பாருங்கள். இந்தப் பகுதியை மட்டும் உருவி எடுத்து அவரைப் பெண் வெறுப்பாளர் என்று சொல்வது நியாயம் இல்லை.

சரி, கோளத்துக்கு வருவோம். அது தளத்தைக் கடந்து போகும்போது சதுரத்துக்கு முதலில் ஒரு புள்ளி தெரியும், அது வட்டமாக விரியும், அப்புறம் சுருங்கி மறையும். ஒரு எலுமிச்சம்பழத்தைத் தண்ணீருக்குள் மெதுவாக அமுக்கி, தண்ணீர் மட்டத்தில் மட்டும் என்ன தெரிகிறது என்று பார்த்தால் விளங்கிவிடும். கோளம் சதுரத்தை மேலே தூக்கிப் போய் முப்பரிமாணத்தைக் காட்டுகிறது. சதுரம் நல்ல மாணவன், உடனே மேலே யோசிக்கிறது. கோட்டுக்கு இரண்டு முனை, சதுரத்துக்கு நான்கு, கனசதுரத்துக்கு எட்டு. அடுத்ததற்குப் பதினாறு இருக்க வேண்டுமே? கோட்டின் எல்லையாக இரண்டு புள்ளிகள், சதுரத்துக்கு நான்கு கோடுகள், கனசதுரத்துக்கு ஆறு சதுரங்கள். அடுத்ததற்கு எட்டு கனசதுரங்கள்தானே? ஐயா, என்னை நான்காவது பரிமாணத்துக்கும் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சுகிறது. கணக்கு முழுக்கச் சரி. ஆனால் கோளம் அப்படி ஒரு உலகமே இல்லை என்று கோபப்பட்டு, அவனைத் திரும்பத் தன் தளத்திலேயே தூக்கிப் போட்டுவிடுகிறது.

ஆசிரியையாக இருக்கிற எனக்கு இது முகத்தில் அறைவது போன்ற பக்கம். மற்றவர்கள் கண்ணைத் திறக்க வந்த கோளமே தனக்கு மேலே ஒன்று இருக்கலாம் என்றால் தாங்க மாட்டேன் என்கிறது. இதே சதுரம்தான் முன்பு கனவில் கோட்டுலகத்து ராஜாவுக்கு இரண்டாவது பரிமாணத்தைப் புரியவைக்க முயன்று, அவன் பிடிவாதத்தைப் பார்த்து எரிச்சல் அடைந்தது. பேரன் அறுகோணம் மூன்றின் கனத்துக்கும் (3×3×3) வடிவியலில் ஒரு பொருள் இருக்குமே என்று கேட்டபோது, முட்டாள்தனம் என்று அடக்கியதும் இதுதான்.

இதற்கு அடுத்து எதைப் படிக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரிமாணம் கூடிய கதை வேண்டுமென்றால் ராபர்ட் ஹெய்ன்லைன் 1941இல் எழுதிய ஒரு சிறுகதை இருக்கிறது. நாற்பரிமாணக் கனசதுரத்தைப் பிரித்து விரித்த வடிவில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கட்டடக் கலைஞர் எட்டு அறை வீடு கட்டுகிறார். நிலநடுக்கத்தில் அது மடிந்து, வெளியிலிருந்து ஒரே அறையாகத் தெரிகிறது. நன்றாகச் சிரிக்கலாம், கேலியும் கட்டடக் கலைஞர்களோடு நின்றுவிடும். நாற்பரிமாண வடிவத்துக்கு 'டெஸராக்ட்' என்று பெயர் வைத்த சார்லஸ் ஹின்டனும் 1907இல் தட்டை உலகத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். கருத்து நல்லது, கதை ஊர்ந்து போகும். தட்டை உலகத்தில் எந்திரங்கள் எப்படி வேலை செய்யும், உடம்புக்குள் குடல் எப்படி இருக்கும் என்ற கேள்விகள் பிடிக்கும் என்றால் அலெக்ஸாண்டர் டியூட்னி 1984இல் எழுதிய 'பிளானிவெர்ஸ்' இருக்கிறது. வாயிலிருந்து மறுமுனை வரை குடல் ஓடினால் தட்டை மிருகம் இரண்டு துண்டாகப் பிரிந்துவிடுமே, அந்த மாதிரிச் சிக்கல்களை அவர் பொறுமையாக ஆராய்கிறார். அதில் நையாண்டி மிகக் குறைவு. பொறியியல் படிக்கிற பிள்ளைகள் கையில் கொடுத்தால் கீழே வைக்க மாட்டார்கள்.