அட்வெஞ்சருக்கு நடுவுல கேரக்டர் என்ன பண்ணும்? டவுன்டைம் கேள்வி பதில்

டவுன்டைம் பத்தி வந்த கேள்விகளுக்கு மொத்தமா இங்கயே பதில் போட்டுடறேன். டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கேரக்டரா நடிச்சு ஆடற கதை கேம்ல ரெண்டு அட்வெஞ்சருக்கு நடுவுல கிடைக்கற நாட்கள்தான் டவுன்டைம், கதையை நடத்தறவர்தான் டிஎம். பெரும்பாலும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) அஞ்சாவது எடிஷன், 2014 ரூல்ஸ் வச்சுதான் சொல்றேன், வேற கேம் வந்தா பேர் சொல்லிடறேன்.

புதுசா டிஎம் ஆனவர்: அண்ணா, டஞ்சன் (ஆபத்தும் புதையலும் இருக்கற பாதாள இடம்) முடிச்சு ஊருக்கு வந்துட்டாங்க, "இப்ப என்ன பண்றீங்க"ன்னு கேட்டா நாலு பேரும் முழிக்கிறாங்க. என்ன பண்றது?

மொட்டையா கேட்டா முழிக்கத்தான் செய்வாங்க தம்பி. நாள் கணக்கு சொல்லிக் கேளு. "மலைப்பாதை பனியில அடைஞ்சு கிடக்கு, திறக்க 20 நாள் ஆகும், அதுவரைக்கும் இந்த ஊர்லதான்"னு சொல்லிப் பாரு, உடனே ஆளாளுக்கு கணக்கு போட ஆரம்பிச்சிடுவாங்க. சுமாரான வாழ்க்கைக்கே ஒரு நாளைக்கு 1 கோல்டு, அப்ப ஆளுக்கு 20 கோல்டு கையை விட்டுப் போகுது. மந்திரவாதியான விசார்டு எங்கயாவது கிடைச்ச ஃபயர்பால் மந்திரத்தை தன் புக்ல ஏத்தணும்னா ஒவ்வொரு ஸ்பெல் லெவலுக்கும் 2 மணி நேரம், 50 கோல்டு, அது மூணாவது லெவல்ங்கறதால 6 மணி நேரம், 150 கோல்டு. நேரம் இருக்கு, காசு இருக்கான்னு அவன் யோசிப்பான்ல, டவுன்டைம்னா அதுதான். எல்லை இல்லாத லீவு குடுத்தா யாருக்கும் எதையும் விட்டுக்குடுக்க வேண்டிய அவசியமே வராது, அப்புறம் சும்மா லிஸ்ட் படிக்கற மாதிரி ஆகிடும்.

ஃபைட்டர் ஆடுறவர்: ப்ரோ, பிளேட் ஆர்மர் (உடம்பு முழுக்க மூடற இரும்புக் கவசம்) நானே செய்யலாம்னு பார்த்தா 300 நாள்னு வருது, நான் எங்கயாவது தப்பா படிச்சிட்டேனா?

இல்ல, கரெக்டா தான் படிச்சிருக்கீங்க. விலை 1500 கோல்டு, ஒரு நாள் உழைப்புக்கு 5 கோல்டு மதிப்புதான் ஏறும், அதனால 300 நாள், மூலப்பொருளுக்கு பாதி விலை, அதாவது 750. ஆனா ஒரு விஷயத்தை நிறைய பேர் கவனிக்கறதில்ல, அந்த வேலைக்கான டூல்ல ப்ரொஃபிஷியன்சி, அதாவது தேர்ச்சி இருக்கற இன்னும் ரெண்டு பேர் அதே இடத்துல உங்களோட சேர்ந்து வேலை பார்த்தா 100 நாள்ல முடிஞ்சிடும். 2017-ல வந்த ஸனாத்தர்ஸ் கைடுங்கற கூடுதல் ரூல் புக் வச்சு ஆடினா வாரத்துக்கு 50 கோல்டு மதிப்பு ஏறும், அஞ்சு நாள் வேலைதான் ஒரு வாரம்னு கணக்கு, மொத்தம் 30 வாரம். அதுவும் நீளம்தான். நான் டிஎம்மா இருந்தா உங்களை கொல்லன் பட்டறைக்கு அனுப்புவேன். எவனோ ஒரு பிரபு ஆர்டர் குடுத்துட்டு செத்துப்போனதால பாதில நிக்கற ஆர்மர் ஒண்ணு அங்க தொங்கும், மார்புத் தகட்டுல அவன் குடும்ப முத்திரை இருக்கும், மிச்சத்தை நீங்க முடிச்சுக்கலாம். அந்த முத்திரையோட நீங்க ஊருக்குள்ள சுத்தும்போது அந்தக் குடும்பம் என்ன சொல்லும்ங்கறது அடுத்த செஷனுக்கு.

ஒரு டிஎம்: எங்க ரோக் (திருட்டு வேலைல கில்லாடியான கேரக்டர்) ஒவ்வொரு தடவையும் தனியா திருடப் போறான், ஒரு மணி நேரம் ஓடுது, மத்தவங்க எல்லாம் ஃபோனை நோண்டிட்டு இருக்காங்க சார்.

இது எல்லா டேபிள்லயும் இருக்கற தலைவலி. இதுக்கும் ஸனாத்தர்ஸ்ல நல்ல வழி இருக்கு. ஒரு வாரம், துப்பு விசாரிக்க 25 கோல்டு, அப்புறம் மூணே ரோல்: ஸ்டெல்த் (பதுங்கறது), பூட்டு திறக்கற டூல், மூணாவதுக்கு இன்வெஸ்டிகேஷன் (துப்பறியறது), பெர்செப்ஷன் (கவனிக்கறது), டிசெப்ஷன்ல (ஏமாத்தறது) ஏதாவது ஒண்ணு. டிசி, அதாவது ரோல்ல எட்ட வேண்டிய எண், 10 வச்சா 50 கோல்டு, 15க்கு 100, 20க்கு 200, 25க்கு 1000. மூணும் ஜெயிச்சா முழுசா கிடைக்கும், ரெண்டுன்னா பாதி, ஒண்ணுன்னா வெறுங்கையோட தப்பிச்சு வரலாம், ஒண்ணுமே இல்லன்னா ஜெயில்.

நான் மூணு டைஸையும் முதல்லயே போட வச்சிடுவேன், கதை அப்புறம்தான். உதாரணத்துக்கு ஸ்டெல்த் ஓகே, பூட்டும் திறந்துடுச்சு, டிசெப்ஷன் மட்டும் ஊத்திக்கிச்சுன்னு வைங்க. இப்ப மத்த பிளேயர்ஸ்கிட்ட திரும்பி "வெளிய வரும்போது இவனை கேட்ல நிறுத்துனது யாரு?"ன்னு கேளுங்க. ஒருத்தர் வாட்ச்மேன்னுவார், இன்னொருத்தர் அந்த வீட்டு சமையக்காரம்மான்னுவார், பேசாம அந்த ஆளா அவங்களையே நடிக்க விட்டுடுங்க. பாதிப் பையோட இவன் ஓடி வர்ற சீன் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், யார் கையிலயும் ஃபோன் இருக்காது.

கேள்வி: இதையெல்லாம் வாட்ஸ்அப்லயே முடிச்சுக்கலாமா?

கடைக்குப் போறது, வேலை பார்க்கறது, பாஷை கத்துக்கறது எல்லாம் தாராளமா. டைஸ் போடற விஷயம், பார்ட்டிக்கே பாதிப்பு வர்ற விஷயம்னா டேபிளுக்கு வாங்க.

கேள்வி: எங்க கேம்பெய்ன்ல (பல செஷனா ஓடற தொடர்கதைல) உலகம் அழியப் போகுதுன்னு ஓட்டமா ஓடிட்டிருக்கோம், ரெண்டே மாசத்துல லெவல் 1ல இருந்து 9 வந்துட்டோம், இதுல டவுன்டைமை எங்கங்க நுழைக்கறது?

வில்லனுக்கும் வேலை இருக்கும்ல, படை திரட்டணும், சடங்குக்கு நாள் பார்க்கணும். அவனோட அந்த நாட்களைத்தான் எடுத்து பிளேயர்ஸுக்கு குடுக்கணும். இந்த விஷயத்துல 1985-ல வந்த பென்டிராகன்ங்கற கேமை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு சொல்வேன். ஆர்தர் ராஜா கால நைட்டுகள் கதை, வழக்கமா வருஷத்துக்கு ஒரு அட்வெஞ்சர், அப்புறம் குளிர்காலம்னு ஒரு கட்டம். அதுல குதிரை பொழைச்சுதா, பொண்டாட்டிக்கு குழந்தை பொறந்துதா, நிலத்துல விளைச்சல் எப்படின்னு ரோல் போடணும், 35 வயசு தாண்டிட்டா மூப்புக்கும் ஒரு ரோல். அப்பா செத்தா மகனை வச்சு ஆடுவாங்க. உங்க கேம்ல ரெண்டு ஆர்க்குக்கு (பெரிய கதைப் பகுதிக்கு) நடுவுல ஒரே ஒரு குளிர்காலம் வச்சுப் பாருங்க.

கேள்வி: திருட்டுக் கும்பலா ஆடற பிளேட்ஸ் இன் த டார்க் கேம்ல இது எப்படி?

அங்க ஆட்டத்துல பாதி இதுதான். ஒவ்வொரு திருட்டுக்கு அப்புறமும் ஆளுக்கு ரெண்டு வேலை இலவசம், கூட வேணும்னா காயின் (காசு) இல்லன்னா ரெப் (கும்பல் சம்பாதிச்ச பேரு) செலவு பண்ணணும். ஏறுன ஸ்ட்ரெஸை இறக்க அவனவன் கெட்ட பழக்கத்துகிட்டதான் போகணும், அளவு மீறினா அதுலயே ஒரு வம்பு வரும். டி அண்ட் டி டிஎம்முங்க கூட இதை ஒரு தடவை ஆடிப் பார்க்கணும்.

கேள்வி: டி அண்ட் டியோட 2024 டிஎம் கைடுல வந்த பாஸ்டியன் தேவையா?

அஞ்சாவது லெவல்ல சொந்தமா ஒரு கோட்டை மாதிரி இடம் வரும், ஏழு நாளுக்கு ஒரு டர்ன். கணக்கு வழக்கு பிடிச்சவங்களுக்கு அல்வா சாப்பிடற மாதிரி. பிடிக்காதவங்க தலையில கட்டாதீங்க.

கேள்வி: ஒருத்தன் செஷனுக்கே வரலைன்னா அவன் கேரக்டர்?

ஊர்லயே தங்கி தொழில் பார்க்கறான்னு எழுதிக்கோங்க, 2014 ரூல்ஸ் படி அவன் சுமாரான வாழ்க்கைச் செலவு அதுலயே கழிஞ்சிடும். எக்ஸ்பி (லெவல் ஏறறதுக்கான அனுபவ பாயிண்ட்) குடுக்கறதா வேண்டாமான்னு மட்டும் அவன் இருக்கும்போதே பேசி முடிவு பண்ணிடுங்க, இல்லன்னா குரூப்ல சண்டைதான்.