பி.ஏ. உளவியலா, பி.எஸ்ஸி. உளவியலா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி இறுதியாண்டில் படிக்கிறேன். வீட்டிலும் வகுப்பிலும் யாருக்கு மனக்கஷ்டம் என்றாலும் என்னிடம்தான் வந்து சொல்வார்கள். அதனால் உளவியல் படிக்க ஆசை. பி.ஏ., பி.எஸ்ஸி. இரண்டில் எதில் சேர்வது? பட்டம் பெற்றதும் ஆலோசகராக வேலை பார்க்கலாமா? கணக்கு எனக்கு வராது என்பதும் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு வந்து, புள்ளியியல் தாளைக் கண்டு திகைத்துப்போனவர்களில் நானும் ஒருத்தி. நீங்களாவது தெரிந்துகொண்டு வாருங்கள். ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வகம் அமைத்த காலத்திலிருந்தே இந்தத் துறை அளந்து பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறது.

முதலாண்டில் நாங்கள் செய்த சோதனை ஒன்று. அட்டையில் 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் இருக்கும். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். எதிரே தோழி ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தாள். 'நீலம்' என்று சொல்ல வாயெடுத்தேன். 'சி' என்று தொடங்கி நாக்கு அப்படியே நின்றுவிட்டது. படிக்காதே என்று மனதுக்கு எவ்வளவு கட்டளையிட்டாலும் அது படித்துவிடுகிறது! ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் வெளியிட்ட சோதனை இது. வகுப்பில் எல்லோருடைய நேரங்களையும் சேர்த்து, இந்தத் தாமதம் தற்செயலாக வந்திருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்குப் புள்ளியியல் மேல் இருந்த பயம் விலகியது. பிற்பாடு, ஏற்கெனவே வெளிவந்திருந்த 100 உளவியல் ஆய்வுகளை ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள்; பாதிகூட அதே முடிவைத் தரவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இனி பட்டங்கள். பொதுவாக பி.எஸ்ஸி.யில் உயிரியல், ஆய்வகம், புள்ளியியல் கூடுதலாக இருக்கும், பி.ஏ.வில் சமூகவியல், தத்துவம் போன்ற துணைப்பாடங்களுக்கு இடம் அதிகம். வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆய்வுமுறை ஆகியவை இரண்டிலும் உண்டு. பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள்.

இளநிலைப் பட்டம் மட்டும் உங்களை ஆலோசகராக்கிவிடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பல நாடுகளில் பதிவு பெறாதவர் உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்டுவதே சட்டப்படி தவறு. மனிதவளம், பள்ளிகள், சமூகப்பணி என்று வேறு கதவுகள் அந்தப் பட்டத்துக்குத் திறக்கும். துயரத்தில் இருப்பவர் முன்னால் உட்காரவோ முதுநிலையும், அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும் வேண்டும். நீங்கள் என்ன கேட்டீர்கள், எங்கே அவசரப்பட்டீர்கள், எங்கே உங்கள் சொந்தக் கதையை நுழைத்தீர்கள் என்று அவர் வாராவாரம் எடுத்துச் சொல்வார். பிறர் மனம்விட்டுப் பேச உங்களைத் தேடி வருவது பெரிய கொடை. ஆனால் தோழி ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம். ஆலோசகர் அடுத்த வாரமும் அதே நாற்காலியில் பொறுப்போடு காத்திருக்க வேண்டும்.

மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிந்து பேச்சுவழியாகச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலில் தனித்துப் பணியாற்றப் பல இடங்களில் முனைவர் பட்டம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கே இரண்டு வழிகள். ஆய்வும் சிகிச்சையும் சேர்ந்த பிஎச்.டி.யை 1949இல் அந்நாட்டு உளவியலாளர்களின் போல்டர் மாநாடு வகுத்தது. சிகிச்சைப் பயிற்சிக்கு முதலிடம் தரும் சை.டி. (Psy.D.) என்ற முனைவர் பட்டத்தை 1973இல் அவர்களின் வெய்ல் மாநாடு ஏற்றுக்கொண்டது. மருந்து எழுதும் மனநல மருத்துவராக வேண்டுமென்றால் அது முதலில் மருத்துவப் படிப்பு, பாதையே வேறு.

முதுநிலைக்குத் துறையைத் தேடும்போது இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: மேற்பார்வையில் எத்தனை மணி நேரப் பயிற்சி? மேற்பார்வையிடுபவர் இப்போதும் ஆலோசனைக்கு வருபவர்களைப் பார்க்கிறாரா? அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்கு, விண்ணப்பம் போடுவதற்கு முன் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் ஆய்வக நோட்டை வாங்கி ஒரு மணி நேரம் புரட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் சேருங்கள், எனக்கும் எழுதுங்கள்.